வட்ட ஏடும் அதன் படிகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அப்பொருளைக் காலை முதல் பலரும் இம்மேடையில் எடுத்துரைத்துவிட்டனர். எனவே, கல்வியின் சிறப்பைக் கூறாமல், கல்வியிலிருந்தே ஒரு சிறு பகுதியை எடுத்து உங்கள் முன் வைப்பது நலம் என்று கருதினேன். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர், தன்னிடமுள்ள வட்டமான நூலொன்றை எவ்வாறு படியெடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லப் போகிறேன். பொன்னேரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் புன்னகை செய்கிறார். தொடர்பு உண்டு, ஐயா. அது நம் தெருக் கால்வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும், பொறுத்தருள வேண்டும்.

அச்சு இயந்திரம் வருமுன் நம் நூல்கள் பனையோலையில் வாழ்ந்தன. ஓலையைச் செல்லரிக்கும், ஆகவே அவ்வப்போது பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியாக வேண்டும். படியெடுக்க ஆளில்லாத நூல் அழிந்தது. தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பணிபுரிந்தவர், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தே அறியாதவர் என்று உலகம் எண்ணியிருந்த குடும்பத்தில் ஏடு இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தும் வந்திருக்கிறார்கள்.

உயிர்களுக்கும் ஏடு உண்டு. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் ஆகிய அந்த ஏடு, இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு போன்றது. ஓர் இழையில் அடினைன் இருக்குமிடத்தில் எதிர் இழையில் தைமின் இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின் இருக்கும். ஆகவே ஓர் இழையைக் கண்டால் மற்றதை எழுதிவிடலாம். படியெடுப்பின் மறைபொருள் முழுவதும் இந்த இணைப்பொருத்தத்தில் அடங்கியிருக்கிறது. இரண்டு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு ஒரு துணையிழையைத் தேடிக்கொள்ளும். 1958-ல் மெசல்சன், ஸ்டால் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறக்கும் ஒவ்வொரு படியிலும் ஓர் இழை பழையது, மற்றொன்று புதியது என்பதை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தார்கள்.

நம் உடலின் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. நீண்ட துண்டுகளாக, இரு முனைகளுடன் இருக்கிறது. பாக்டீரியாக்கள் பெரும்பாலானவற்றில் அது முனையே இல்லாத வட்டமாக இருக்கிறது. விதிவிலக்கு உண்டு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தந்த மண் நுண்ணுயிரின் டி.என்.ஏ. வட்டமன்று. ஆனால் நாம் இன்று பேசுவது நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரைப் பற்றி. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதனுள் மடிந்து கிடக்கும் வட்ட ஏட்டை விரித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். ஒரு முழப் பையில் எழுநூறு முழக் கயிற்றைத் திணித்து வைத்ததற்கு ஒப்பாகும் இது. அதில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்திணைகள் உள்ளன. அவை முழுவதும் 1997-ல் படித்து வெளியிடப்பட்டன.

இந்த ஏடு வட்டமானது என்பதைக் கண்ணால் காட்டியவர் ஜான் கெய்ன்ஸ் என்னும் அறிஞர். அவர் செய்தது எளிய செயல். ஆனால் அதற்குப் பெரும் பொறுமை வேண்டும். டி.என்.ஏ. கட்டுவதற்கு வேண்டிய தைமிடின் என்னும் பொருளில் கதிரியக்கம் உடைய ஹைட்ரஜனை ஏற்றி, அதை நுண்ணுயிர்களுக்கு உணவாகக் கொடுத்தார். அவை அதைக்கொண்டு புதிய ஏடுகளை எழுதிக்கொண்டன. பிறகு உயிரணுவின் உறையை மென்மையாகக் கரைத்து, உள்ளிருந்த நூலைப் பரப்பி, அதன்மேல் புகைப்படப் பூச்சை இட்டு, இருட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தார். கதிர் பட்ட இடமெல்லாம் கரும்புள்ளியாகி, 1963-ல் வெளியான படத்தில் ஒரு வட்டமும், அதனுள் ஒரு பகுதி இரண்டாகப் பிரிந்து ஓடுவதும் தெரிந்தன. கிரேக்க எழுத்தான தீட்டாவைப் போன்ற வடிவம் அது. படியெடுப்பின் நடுவே பிடிபட்ட ஏடு! பிரியும் முனை ஒன்றே என்று கெய்ன்ஸ் எண்ணினார். முனைகள் இரண்டு என்பதும், ஒரே இடத்தில் தொடங்கி இருபுறமும் ஓடி எதிர்ப்புறத்தில் அவை சந்திக்கின்றன என்பதும் 1970-களின் தொடக்கத்தில் தெளிவாயின.

இனி அந்த வேலையின் முறையைப் பார்ப்போம். வட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அதைத் தொடக்கம் என்போம். 245 எழுத்திணைகளே உள்ள சிறிய பகுதி அது. டி.என்.ஏ.-ஏ என்னும் புரதம் அங்கே கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டு இழைகளைச் சற்றே விலக்கும். விலகிய இடத்தில் ஹெலிகேஸ் என்னும் நொதி நுழைந்து முறுக்கைப் பிரித்துக்கொண்டே ஓடும். அதன் பின்னால் பாலிமரேஸ் என்னும் எழுத்தர் வருவார். நொடிக்கு ஆயிரம் எழுத்து அவர் எழுதுகிறார். இருபுறமும் ஆளுக்கு 23 லட்சம் என்று பங்கிட்டுக்கொள்வதால் நாற்பது நிமிடத்தில் முழு ஏடும் படியாகிவிடுகிறது. எழுதும்போதே திரும்பிப் பார்த்துப் பிழையை அழித்துத் திருத்தும் பழக்கமும் அவருக்கு உண்டு. அவர் கண்ணுக்குத் தப்பியதைத் திருத்த வேறு நொதிகள் பின்னால் வருகின்றன. இவ்வளவும் கடந்து நிலைக்கும் பிழை, முழு ஏட்டைப் பல நூறு முறை படியெடுத்தால் ஒன்று. நம் ஏடெழுதுவோரில் இத்தகைய கைத்திறம் படைத்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை!

எழுத்தருக்கு ஒரு குறை உண்டு: ஒரு திசையில்தான் அவரால் எழுத முடியும். இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஓர் இழையில் நேராக எழுதிச் செல்லலாம்; மற்றதில் என்ன செய்வது? ஜப்பானைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனெகோ ஒகசாகியும் 1968-ல் விடை கண்டார்கள். இரண்டாம் இழை துண்டு துண்டாக, பின்னோக்கிப் பின்னோக்கி எழுதப்பட்டு, லைகேஸ் என்னும் நொதியால் ஒட்டப்படுகிறது. அத்துண்டுகள் இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகின்றன. ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். அந்நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல், 44-ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்து நடத்தியவர் சுனெகோ.

இனி நான் சொல்லப் போவதே வட்டத்திற்கு உரிய பெருஞ்சிக்கல். தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு புரி கொண்ட கயிற்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்து முடிந்துவிடுங்கள். இப்போது நடுவில் இரு புரிகளையும் பற்றி இழுத்துப் பிரித்துப் பாருங்கள். பிரித்த இடத்தில் முறுக்கு விடும். ஆனால் அங்கு விட்ட முறுக்கெல்லாம் மீதமுள்ள பகுதியில் போய் ஏறும். சிறிது நேரத்தில் கயிறு சுருண்டு முண்டும் முடிச்சுமாகிப் பிரிக்க முடியாமல் நின்றுவிடும். முனை திறந்திருந்தால் அது சுழன்று முறுக்கை விட்டுவிடும்; முடிந்த வட்டத்திற்கு அந்த வழி இல்லை. ஈ. கோலியின் வட்டத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுக்கள் உள்ளன. பிரியும் முனையில் நொடிக்கு நூறு சுற்று அளவில் முறுக்கு ஏறுகிறது. எவ்வாறு சமாளிப்பது?

1976-ல் கெல்லர்ட் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் கைரேஸ் என்னும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். கயிற்றின் இரு புரிகளையும் இந்நொதி ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டிய முனைகளை நழுவவிடாமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்த இடைவெளி வழியே கயிற்றின் மற்றொரு பகுதியைக் கடத்துகிறது. பிறகு வெட்டை ஒட்டிவிடுகிறது. ஒரு வெட்டுக்கு இரண்டு சுற்று முறுக்கு நீங்கும். வேலை முடியும்போது மற்றுமொரு சங்கடம் காத்திருக்கும். இரு புதிய வட்டங்களும் சங்கிலியின் கண்ணிகள் போல ஒன்றனுள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். கைரேஸின் உடன்பிறப்பான வேறொரு நொதி அதே வெட்டு வித்தையால் அவற்றைப் பிரித்து, மகள் ஒன்றுக்கு ஒன்றாக அனுப்பி வைக்கும்.

இளைஞர்களே, மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளில் அதை அறியாதவர் அரிது. அது தாக்குவது இந்தக் கைரேஸைத்தான். நொதி கயிற்றை வெட்டிப் பற்றியிருக்கும் அந்த நேரத்தில் மருந்து வந்து அதை அப்படியே பூட்டிவிடுகிறது. வெட்டு ஒட்டப்படாமலே நிற்கிறது, ஏடு சிதைகிறது, நுண்ணுயிர் மடிகிறது. நம் உயிரணுக்களில் உள்ள அதே வகை நொதி வேறு அமைப்புடையது. ஆகவே அம்மருந்து நம்மைக் கொல்லாமல் அதைக் கொல்கிறது. வட்டத்தின் முறுக்குச் சிக்கல் மருத்துவத்திற்கு ஆயுதமான வரலாறு இது.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: படியெடுக்க நாற்பது நிமிடம் என்றால், நல்ல உணவு கிடைத்தபோது இந்நுண்ணுயிர் இருபது நிமிடத்திற்கொருமுறை இரண்டாகிறது என்று பாடநூல் சொல்கிறதே, அது எப்படி? நியாயமான வினா. முதல் படி முடியும் முன்னரே, பாதி எழுதிய ஏட்டிலேயே அடுத்த படியெடுப்பு தொடங்கிவிடுகிறது. மகள் பிறக்குமுன் பேத்திக்குரிய ஏடு எழுதப்படுகிறது. இரவு பத்து மணிக்கு ஒன்றாக இருந்தது இவ்வேகத்தில் காலை ஐந்து மணிக்கு இருபது லட்சத்தைத் தாண்டும்.

இதுவரை பெரிய வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பல நுண்ணுயிர்களில் அதற்கு அப்பால் சிறு வட்டங்களும் உண்டு. 1952-ல் லெடர்பர்க் அவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று பெயரிட்டார். பெரிய ஏட்டை மூல நூல் என்றால் இவற்றைத் துண்டுப் பிரசுரங்கள் எனலாம். தமக்கென்று தொடக்கம் உடையவை. பெரிய ஏட்டின் காலக்கணக்கைப் பாராமல் தாமே படியாகிக்கொள்பவை. பெரிய பிளாஸ்மிட் ஓர் உயிரணுவில் ஒன்றிரண்டு இருக்கும். சிறியவை இருபது முதல் நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். எத்தனை படி இருக்க வேண்டும் என்பதையும் அவையே எண்ணிக் கட்டுப்படுத்துகின்றன.

இவற்றில் சில, படியெடுப்பதோடு பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. பிளாஸ்மிட் உடைய நுண்ணுயிர் ஒரு மெல்லிய இழையை நீட்டி அண்டை நுண்ணுயிரைத் தொட்டு அருகே இழுத்துக்கொள்ளும். வட்டத்தின் ஓர் இழை ஓரிடத்தில் வெட்டப்படும். அவ்விழை உருளும் நூற்கண்டிலிருந்து நூல் கழல்வது போலக் கழன்று அடுத்த உயிரணுவுக்குள் செல்லும். எஞ்சிய இழை இங்கே தனக்குத் துணையிழை கட்டிக்கொள்ளும்; சென்ற இழை அங்கே கட்டிக்கொள்ளும். கொடுத்தவரிடமும் ஏடு இருக்கிறது, பெற்றவரிடமும் இருக்கிறது. பெற்றவர் பின்னர் கொடுப்பவராகவும் ஆகிறார். இதற்கு இனம், குலம் ஒரு தடையன்று. ஈ. கோலியிலிருந்து கிளெப்சியெல்லாவுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்கும் போகும். பிறப்பால் வருவதே உரிமை, தொட்டால் தீட்டு என்று நூல் எழுதியவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ, நான் அறியேன்.

ஆயினும் இதைப் பாராட்டிக்கொண்டிருக்க முடியாது. ஏனெனில் அந்தத் துண்டுப் பிரசுரத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் நமக்கு நன்மை தருவதன்று. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் நான்கு மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காமற் போயின. தனித்தனியே நான்கு பிழைகள் நேர்ந்து அவ்வாறு ஆகியிருக்க இயலாது என்று ஐயுற்ற அந்நாட்டு அறிஞர்கள், எதிர்ப்பாற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தொட்டுப் பரவுகிறது என்று 1959-ல் கண்டறிந்தார்கள்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ. எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கு ஆய்வு மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு, பிரிட்டனின் திமோத்தி வால்ஷ் முதலான பலரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்தது. என்.டி.எம்.-1 என்னும் மரபணு உடைய கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இத்துணைக்கண்டத்தின் பிற இடங்களில் 73 என அதில் கணக்கிடப்பட்டிருந்தன. கார்பபெனம் என்னும் மருந்து வகை, வேறு மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது. அதையும் இம்மரபணு தரும் நொதி சிதைத்துவிடுகிறது. மரபணு இருந்த இடம் பெரும்பாலும் பிளாஸ்மிட். அதாவது கைமாறத்தக்க ஏடு.

2008-ல் டில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் முதலில் அறியப்பட்டதால் அந்நொதிக்குப் புதுடில்லியின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். நாடெங்கும் சினம் பொங்கியது. பிறர் வைத்த பெயரைச் சுமந்து வாழும் இழிவை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? அச்சினம் நியாயமே. ஆனால் பெயரைப் பற்றிய சினத்தில் நாட்கள் கழிந்தன. பொருளைப் பற்றிய பேச்சுக் குறைந்தது. நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் நெறிமுறை வகுத்தது. கிருமிகள் அதனால் பின்வாங்கிவிடவில்லை.

2011-ல் அக்குழுவினர் டில்லி நகரின் நீரை ஆராய்ந்தார்கள். குழாய்நீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும், தெருக்களில் தேங்கியும் கசிந்தும் ஓடிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அம்மரபணு இருந்தது. மருத்துவமனைப் படுக்கையை விட்டு அது வெளியேறிக் கால்வாய்க்கு வந்துவிட்டது என்பது இதன் பொருள். அந்த நீரில் யார் கை இருக்கிறது? இந்த அவையில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு எடுப்பவரும், பாதாளச் சாக்கடையில் இறங்குபவரும், மருத்துவமனைக் கழிவைத் தூக்குபவரும் எந்தச் சேரியிலிருந்து போகிறார்கள் என்பதை நாம் அறிவோம். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நச்சுக்காற்றால் ஒரே நாளில் சாகிறவனைப் பற்றியேனும் செய்தித்தாள் எழுதுகிறது. காலில் பட்ட கீறல் ஆறாமல், எந்த ஊசிக்கும் அடங்காமல் மூன்று மாதம் கிடந்து சாகிறவனை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே இரண்டொரு செய்திகளை நேராகவே சொல்லிவிடுகிறேன். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை, வைரஸால் வந்த நோயை ஒன்றும் செய்வதில்லை. குடலில் தீங்கின்றி வாழும் நுண்ணுயிர்களில் மருந்துக்கு அடங்குபவை மடிய, பிளாஸ்மிட் உடையவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. பிறகு ஒரு நாள் உண்மையான நோய்க்கிருமி உள்ளே வரும்போது அதற்குக் கொடுக்க ஏடு ஆயத்தமாக இருக்கும். 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைக் கடைக்காரர் மறந்தாலும் நாம் நினைவூட்டலாம். கோழி, மீன், இறால் வளர்ப்போரும் இதைக் கேட்க வேண்டும். பழவேற்காட்டுப் பக்கம் உறவினர் உள்ளோர் அங்கே போய்ச் சொல்லுங்கள். மனிதருக்குக் கடைசி மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுப்பதை 2019-ல் மைய அரசு தடைசெய்தது. அம்மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்வதைச் சீனத்து ஆய்வாளர்கள் 2015-ல் கண்டதே உலகெங்கும் எழுந்த அச்சத்திற்குக் காரணம்.

கல்லூரியில் உயிரியல் பயிலும் பிள்ளைகளுக்குத் தனியே ஒன்று. பிளாஸ்மிட்டுகள் பலவற்றில் மருந்தெதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்திலேயே பாதரசம், தாமிரம் முதலிய உலோகங்களைத் தாங்கும் மரபணுவும் உண்டு. உலோகக் கழிவு கலந்த நீரில் மருந்தே இல்லாவிட்டாலும் அத்தகைய ஏடு உடையவை பிழைத்து, மருந்தெதிர்ப்பும் கூடவே வளரும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை தொடங்கி ஆரணியாறு வரை நீர் எடுத்து, கிருமி வளர்த்து, எந்த மருந்துக்கு எது அடங்குகிறது என்று பார்க்க ஒரு சிறு ஆய்வுக்கூடமும் பயிற்சியும் ஆசிரியர் மேற்பார்வையும் போதும். பொன்னேரியில் அரசு கலைக்கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. நம் நீரைப் பற்றிய கட்டுரையை நம் பிள்ளைகள் எழுதக் கூடாதா? தரமணியில் அதை எழுதியவரும் ஒரு மாணவர்தாமே.

கடைசியாக, கால்வாய் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்கும் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கையுறையும் காலணியும் தராமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். சங்கம் உடன் நிற்கும் என்று செயலாளர் அவர்கள் என்னிடம் உறுதி கூறியிருக்கிறார்கள். புண்ணோ காய்ச்சலோ வந்து மருத்துவரிடம் போகும்போது, என்ன தொழில் செய்கிறோம் என்பதைச் சொல்லக் கூசாதீர்கள். "நான் சாக்கடையில் வேலை செய்பவன், கல்ச்சர் பரிசோதனை வேண்டுமா என்று பாருங்கள், ஐயா" என்று கேளுங்கள். புண்ணின் நீரிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறிவது அப்பரிசோதனை. முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.